ஒட்டவிடாத தட்டு: செல்கள் ஏன் உருண்டை பிடிக்கின்றன?

செல் வளர்ப்புக்கான பிளாஸ்டிக் தட்டுகளின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. பாலிஸ்டைரீனை அச்சில் வார்த்து அப்படியே எடுத்து வைத்தால், உடலிலிருந்து எடுத்த செல்களில் பெரும்பாலானவை அதில் சரியாக ஒட்டாது. தண்ணீரை விலக்கும் பரப்பு அது. மின்னிறக்கத்தாலோ பிளாஸ்மா என்ற மின்னேறிய வாயுவாலோ அதைத் தாக்கி, ஆக்சிஜன் கொண்ட வேதித் தொகுதிகளை மேலே ஏற்றி, தண்ணீர் படரும்படி மாற்றிய பிறகுதான் ‘செல் வளர்ப்புத் தரம்’ என்று விற்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரங்களின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்ததே இந்த வித்தை கைவந்ததால்தான். இப்போது அதே நிறுவனங்கள், செல்கள் கொஞ்சமும் ஒட்டிவிடக் கூடாத தட்டுகளைத் தயாரித்து, ஒட்டும் தட்டைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன.

அந்த ஒட்டாத தட்டில் போட்ட செல்கள், கீழே பிடிமானம் கிடைக்காமல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஓரிரு நாளில் உருண்டையாகிவிடும். ஸ்பீராய்டு என்பது அதன் பெயர். பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாத இந்த உருண்டையில் புற்றுநோய் மருந்துகளைச் சோதிக்கிறார்கள். கல்லீரலை எந்த மருந்து கெடுக்கும் என்று பார்க்கிறார்கள். முழங்கால் குருத்தெலும்பில் விழுந்த பள்ளத்தை அடைக்கவும் பயன்படுத்துகிறார்கள். செய்திகளில் ‘மினி கட்டி’, ‘குட்டிக் கல்லீரல்’ என்று வருவதில் பாதி இதுதான். இந்த உருண்டை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அதன் விட்டம். செய்தியில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் அந்த எண்தான்.

முதலில், செல் ஒரு பரப்பில் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்போம். செல் நேராகப் பிளாஸ்டிக்கைப் பிடிப்பதில்லை. செல்களை வளர்க்கும் ஊட்டத் திரவமான மீடியத்தில் கலந்திருக்கும் ரத்தச் சீரத்திலிருந்து ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் போன்ற புரதங்கள் முதலில் பரப்பில் படிகின்றன. செல்லின் மேலுறையில் இருக்கும் இன்டெக்ரின் என்ற புரதங்கள் அந்தப் படிவத்தைப் பற்றுகின்றன. ஃபைப்ரோனெக்டின் எவ்வளவோ பெரிய புரதம். ஆனால் அதில் அர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் ஒரு சின்னத் துண்டே பற்றுவதற்குப் போதும் என்று மைக்கேல் பியர்ஷ்பாக்கரும் எர்க்கி ரூஸ்லாட்டியும் 1984இல் காட்டினார்கள். பற்றிய இடத்தில் செல்லின் உட்கூடு இழுபட்டு, செல் தட்டையாகப் பரவுகிறது. பரவிய செல்தான் பிரிந்து பெருகுகிறது.

ஆகவே ஒட்டவிடாமல் செய்ய வேண்டுமானால், செல்லைத் தடுக்கத் தேவையில்லை. புரதம் படிவதைத் தடுத்தால் போதும். அதற்கு எளிய வழி, பரப்பின் மேல் தண்ணீரை இறுகப் பிடித்துவைக்கும், மின்சுமையற்ற ஒரு ஜெல்லைப் பூசுவது. ஜெல் பிடித்திருக்கும் நீரை விலக்கிவிட்டு உட்காருவதால் புரதத்துக்கு ஆதாயம் எதுவும் இல்லை. அது மிதந்துகொண்டே இருக்கும். கடைகளில் கிடைக்கும் ஒட்டாத தட்டுகளில் இப்படியொரு ஹைட்ரோஜெல் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் கட்டப்பட்டிருக்கும். கையால் செய்கிறவர்கள் கடற்பாசியிலிருந்து வரும் அகரோஸ் ஜெல்லைப் பூசுவார்கள், அல்லது பாலி-ஹெமா என்ற பாலிமரை எத்தனாலில் கரைத்து ஊற்றி உலர விடுவார்கள்.

இந்தப் பாலி-ஹெமாவுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. செக்கோஸ்லோவாகியாவின் ஓட்டோ விக்டர்லேயும் ட்ராஹோஸ்லாவ் லீமும் உருவாக்கி 1960இல் அறிவித்த ஜெல் அது. கண்ணுக்குள் போடும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அதிலிருந்துதான் பிறந்தது. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், குழந்தைகள் விளையாடும் உலோகத் துண்டுப் பெட்டியை வைத்து வீட்டிலேயே லென்ஸ் வார்க்கும் சுழல் இயந்திரம் ஒன்றை விக்டர்லே கட்டினார். கண்ணீரில் உள்ள புரதமும் செல்லும் எளிதில் ஒட்டாமலிருப்பது லென்ஸுக்கு நல்ல குணம். அதே குணம் செல் உயிரியலில் வேறு வேலைக்குப் பயன்பட்டது. 1978இல் பாஸ்டனில் ஜூடா ஃபோக்மனின் ஆய்வகம் பாலி-ஹெமாவை வெவ்வேறு தடிமனில் தட்டுகளில் பூசியது. பூச்சு தடிக்கத் தடிக்க, செல் பரவுவது குறைந்து உருண்டை வடிவத்தை நெருங்கியது. அதே அளவுக்கு டிஎன்ஏ உற்பத்தியும் குறைந்தது. ஊட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. வடிவம் மாறியது, பெருக்கம் நின்றது. ஒட்டாத பரப்பு என்பது வெறும் இடவசதிப் பிரச்சினை இல்லை, அது செல்லுக்குள் போகும் ஒரு செய்தி என்பது அந்தச் சோதனையில் தெளிவாயிற்று.

பல செல்களுக்கு அந்தச் செய்தி மரண ஓலை. உடலில் உறுப்புகளின் பரப்பை மூடும் ஒரு எபிதீலியச் செல் தன் இடத்திலிருந்து பெயர்ந்தால், வேறெங்கோ போய் வேர்விடாமல் தானே அழிவது உடலுக்கு நல்லது. அப்படிப் பிடிமானம் இழந்த செல் தன்னைத்தானே முடித்துக்கொள்வதை 1994இல் ஸ்டீவன் ஃபிரிஷ் விவரித்தார். அனாய்க்கிஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். புற்றுநோய்ச் செல்கள் இந்தக் கட்டுப்பாட்டை மீறியவை. அந்த மீறலை அளக்கும் சோதனை அதற்கு முப்பது ஆண்டு முன்பே இருந்தது. கிளாஸ்கோவில் இயன் மெக்பெர்சனும் லூக் மொன்டனியேயும் 1964இல், வைரஸால் புற்றுத்தன்மை அடைந்த செல்கள் மட்டும் மென்மையான அகர் ஜெல்லுக்குள் தொங்கியபடியே பெருகுவதைக் காட்டினார்கள். (பின்னாளில் எச்ஐவி கண்டுபிடிப்புக்காக நோபல் பெற்ற அதே மொன்டனியேதான்.) ஒட்டாத தட்டில் சாதாரணச் செல்கள் சில பிழைப்பதற்குக் காரணம், பக்கத்துச் செல்லைப் பிடித்துக்கொண்டதே. தரையில் கிடைக்காத பிடிமானத்தை அவை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்கின்றன.

உருண்டை பிடிப்பது ஒரே மூச்சில் நடப்பதில்லை. குழிவான அடிப்பகுதியில் செல்கள் கீழே இறங்கி ஓரிடத்தில் குவிவது முதல் கட்டம். சில மணி நேரத்தில், செல்களைச் சுற்றியிருக்கும் புற இழைகளும் இன்டெக்ரின்களும் சேர்ந்து ஒரு தளர்ந்த கூட்டத்தை உண்டாக்கும். இந்த நேரத்தில் பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயால் லேசாக உறிஞ்சி விட்டாலும் உதிர்ந்துவிடும். அடுத்து ஒரு இடைவேளை. வெளியில் எதுவும் நடப்பதாகத் தெரியாது. உள்ளே செல்கள் கேடரின் என்ற புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்து மேலுறையில் அடுக்கிக்கொண்டிருக்கும். ஒரு செல்லின் கேடரின் அடுத்த செல்லின் கேடரினைக் கோத்துக்கொள்ளக் கால்சியம் வேண்டும். ஜப்பானின் மசாடோஷி டாகெய்ச்சி விளக்கிய ஒட்டுதல் இது. கோத்தபின் செல்லுக்குள் உள்ள ஆக்டின் இழைகள் இழுக்க, தளர்ந்த கூட்டம் சுருங்கி இறுகும். விளிம்பு வழவழப்பாகும். நுண்ணோக்கியில் தனித்தனிச் செல்லாகத் தெரிந்தது, ஒரே இருண்ட வட்டமாகத் தெரியும். செல்களின் எண்ணிக்கை கூடியும் விட்டம் குறைவது இந்தக் கட்டத்தில் இயல்பு.

பிரித்துவிட்ட செல்கள் மறுபடி கூடும் என்பது நூற்றாண்டுக்கு மேல் பழைய செய்தி. அமெரிக்காவில் எச். வி. வில்சன் 1907இல் கடற்பஞ்சு ஒன்றைப் பட்டுத் துணியில் பிழிந்து தனித்தனிச் செல்லாக்கினார். அவை ஊர்ந்து சேர்ந்து மறுபடி கடற்பஞ்சாயின. இதை முதுகெலும்பிகளின் கருவுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஏரன் மொஸ்கோனா. ட்ரிப்சின் நொதியால் திசுவைப் பிரித்து, சுழலும் குடுவையில் செல்களை விட்டு, உருண்டைகளைத் திரட்டினார். 1957இல் அவர் கோழிக்கருவின் செல்லையும் எலிக்கருவின் செல்லையும் கலந்து பார்த்தது இன்று படித்தாலும் வியப்பு. குருத்தெலும்பு குருத்தெலும்போடும் கல்லீரல் கல்லீரலோடும் சேர்ந்தன. எது கோழி, எது எலி என்பதைச் செல்கள் பொருட்படுத்தவே இல்லை.

இதற்கு இயற்பியல் விளக்கம் தந்தவர் மால்கம் ஸ்டைன்பெர்க். தண்ணீரில் விட்ட எண்ணெய் துளித்துளியாகத் திரண்டு வட்டமாவது போலத்தான் இதுவும் என்றார் 1963இல். ஒன்றோடொன்று பலமாக ஒட்டும் செல்கள் நடுவிலும், குறைவாக ஒட்டுபவை சுற்றிலும் அமையும். மொத்தக் கூட்டமும் தன் புறப்பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும். குறைந்த புறப்பரப்புக்கு வடிவம் கோளம். பிற்காலத்தில் இந்த உருண்டைகளை இரண்டு தகடுகளுக்கு இடையே நசுக்கி, அவற்றின் பரப்பிழுவிசையை எண்ணாகவே அளந்தார்கள். எந்தத் திசு எதை மூடும் என்பதை அந்த எண்களின் வரிசையே முன்கூட்டிச் சொன்னது. ஒட்டும் பலம் மட்டும் போதாது, செல்லின் சுருங்கும் விசையும் இதில் சேர்த்தி என்று பின்னால் திருத்தங்கள் வந்தன. ஆனாலும், ‘ஏன் உருண்டை?’ என்ற கேள்விக்கு அடிப்படை விடை ஸ்டைன்பெர்க் சொன்னதுதான்.

புற்றுநோய் ஆய்வுக்குள் உருண்டை நுழைந்தது மருந்து வழியாக இல்லை, கதிர்வீச்சு வழியாக. 1955இல் லண்டனில் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றுக்கட்டிகளின் வெட்டுத்துண்டுகளை நுண்ணோக்கியில் அளந்தார்கள். ரத்த நாளம் ஓடும் பகுதியிலிருந்து 150 முதல் 180 மைக்ரோமீட்டர் (ஆயிரம் மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டர்) தூரத்துக்குள் செல்கள் உயிரோடு இருந்தன. அதைத் தாண்டிய இடமெல்லாம் செத்துப்போன திசு. ஆக்சிஜன் பரவிப்போகும் தூரத்தைக் கணக்கிட்டால் அதே அளவு வந்தது. சாவுக்கும் வாழ்வுக்கும் இடையிலான அந்த எல்லையில், ஆக்சிஜன் குறைந்து, ஆனால் சாகாமல் இருக்கும் செல்கள்தான் சிகிச்சைக்குத் தலைவலி. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கதிர்வீச்சால் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு அளவு தேவைப்படும். தட்டையாக வளர்த்த செல்களில் அப்படி ஓர் எல்லையே கிடையாது. எல்லாச் செல்லுக்கும் ஒரே காற்று, ஒரே உணவு.

கனடாவின் ஒன்டாரியோவில் ராபர்ட் சதர்லண்டும் சகாக்களும் சீன ஹாம்ஸ்டர் நுரையீரலிலிருந்து வந்த வி79 செல்களைச் சுழலும் குடுவையில் வளர்த்தபோது அவை உருண்டையாயின. உருண்டையை வெட்டிப் பார்த்தால், தாம்லின்சனும் கிரேயும் கண்ட அமைப்பே அங்கேயும் கிடந்தது: வெளியே பெருகும் செல்கள், நடுவே செத்த திசு. அவர்கள் பார்த்த கட்டிகளில் ரத்த நாளம் செல் திரளுக்கு வெளியே ஓடியது; இங்கேயும் ஊட்டம் வெளியிலிருந்து வருகிறது. 1971இல் வெளியான அந்தக் கட்டுரைதான் இத்துறைக்குத் தொடக்கம். மறு ஆண்டே ரால்ஃப் டூராண்டும் சதர்லண்டும் இன்னொன்றைச் சொன்னார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறையே வராத அளவுக்குச் சின்ன உருண்டையிலும், செல்கள் கதிர்வீச்சைத் தட்டையாக வளர்ந்தவற்றைவிட நன்றாகத் தாங்கின. பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருப்பதே ஒரு பாதுகாப்பு என்று ஆனது.

சுழலும் குடுவை எல்லா ஆய்வகத்துக்கும் சரிப்படாது. நிறைய மீடியம் வேண்டும், உருண்டைகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து வரும். 1977இல் யூஹாஸ் குழு தட்டின் அடியில் அகரைப் பூசி, மேலே செல்களை ஊற்றி, அசைக்காமல் விட்டாலே உருண்டைகள் கிடைக்கும் என்று காட்டியது. ஒட்டாத பரப்பு முறை பரவியது அப்போதிலிருந்துதான். நம் மன்னார் வளைகுடாக் கரையில், ராமநாதபுரம் பக்கத்துப் பெண்கள் முங்கிப் பறிக்கும் கடற்பாசியிலிருந்து வரும் அகரும், அதைச் சுத்திகரித்தால் கிடைக்கும் அகரோஸும் ஒரே குடும்பம். விலையுயர்ந்த தட்டு வாங்க முடியாத ஆய்வகங்களை இன்றும் காப்பாற்றிக்கொண்டிருப்பது இந்தப் பாசிச் சரக்கே.

இனி விட்டத்துக்கு வருவோம். ஆக்சிஜன் வெளியிலிருந்து 150 மைக்ரோமீட்டர் ஆழம் வரை தாராளமாகப் போகிறது என்று வைத்துக்கொண்டு, எளிய வடிவியல் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் அந்த எல்லைக்கு உள்ளே எதுவும் மிஞ்சாது. 600 மைக்ரோமீட்டரில், மொத்தக் கன அளவில் எட்டில் ஒரு பங்கு எல்லைக்கு உள்ளே இருக்கும். 1000 மைக்ரோமீட்டரில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். ஒரே செல், ஒரே தட்டு, ஒரே மீடியம். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு பொருள்கள். முதலாவதில் பட்டினி கிடக்கும் செல்லே இல்லை. மூன்றாவதில் செத்த நடுப்பகுதி, அதைச் சுற்றிப் பெருகாமல் காத்திருக்கும் அடுக்கு, வெளியே பெருகும் அடுக்கு என்று மூன்றும் உண்டு. நிஜத்தில் இந்த எல்லை செல்லுக்குச் செல் மாறும். அதிகம் மூச்சுவிடும் செல் ஆக்சிஜனைச் சீக்கிரம் தீர்த்துவிடும். எண்பதுகளில் சதர்லண்டும் முல்லர்-கிளீசரும் மிக நுண்ணிய மின்முனை ஊசியை உருண்டைக்குள் செலுத்தி, அடுக்கடுக்காக ஆக்சிஜனை அளந்தே பார்த்தார்கள். ஆக்சிஜன் மட்டும் காரணமில்லை, குளுக்கோஸும் சேர்ந்தே நடுப்பகுதியின் சாவைத் தீர்மானிக்கிறது என்பதை 1986இல் ஃப்ரேயரும் சதர்லண்டும் நிறுவினார்கள்.

எவ்வளவு காலம் வளர்த்தாலும் உருண்டை பெரிதாகிக்கொண்டே போகாது. 1973இல் ஃபோக்மனும் ஹாக்பெர்கும் ஒவ்வோர் உருண்டையையும் தனியே பிரித்து, புது மீடியம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சில மில்லிமீட்டரில் வளர்ச்சி நின்றது. வெளியே பிறப்பதும் உள்ளே சாவதும் சமமாகிவிட்டன. ரத்த நாளம் வந்து சேராத கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று ஃபோக்மன் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. உருண்டை அவருக்கு ஒரு வாதம்.

செய்முறை சொல்வதற்கு எளிது. 96 குழிகள் கொண்ட தட்டின் ஒவ்வொரு குழியிலும் 50 மைக்ரோலிட்டர் உருக்கிய 1.5 சதவீத அகரோஸை விட்டால், அது சுவரோரம் கொஞ்சம் ஏறி, நடுவில் குழிந்து உறையும். தட்டையான அடியும் கிண்ணம் போலாகிவிடும். அதன் மேல் எண்ணிவைத்த செல்கள். சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை. நான்கு நாளில் ஒரு குழிக்கு ஒரே உருண்டை, ஏறக்குறைய 370 முதல் 400 மைக்ரோமீட்டர் விட்டத்தில் வரும்படி தொடக்க எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஜெர்மனியின் குன்ஸ்-ஷூகார்ட் குழு 2009இல் வெளியிட்ட முறை. அந்த அளவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. செத்த நடுப்பகுதி உருவாகும் தறுவாயில், ஆனால் இன்னும் உருவாகாத அளவு அது. அடுக்குகள் உண்டு, குப்பை இல்லை.

செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும் சங்கடங்கள் வேறு. அகரோஸில் சின்னக் காற்றுக்குமிழி மாட்டினால் உருண்டை இரண்டாகும். ஆறிப்போன அகரோஸை அவசரத்தில் ஊற்றினால் குழிவு கோணலாகும். ஓரக் குழிகளில் மீடியம் ஆவியாகி, நடுக்குழிகளோடு ஒப்பிட முடியாமல் போகும். மீடியம் மாற்றும்போது பிப்பெட் நுனி உருண்டையையே உறிஞ்சிக்கொண்டு போவது எல்லோருக்கும் நடப்பது. அதனால்தான் பாதியை எடுத்துப் பாதியை ஊற்றுகிறார்கள்.

இன்னும் பெரிய சங்கடம், எல்லாச் செல்லும் உருண்டை பிடிப்பதில்லை. மார்பகப் புற்றிலிருந்து வந்த எம்சிஎஃப்-7 செல்கள் அழகாக இறுகும். அதே மார்பகப் புற்றின் எம்டிஏ-எம்பி-231 செல்களிடம் ஈ-கேடரின் என்ற கேடரின் வகை இல்லை. அவை தளர்ந்த கும்பலாகவே கிடக்கும். மீடியத்தில் 2.5 சதவீதம் அளவுக்கு, திசுவில் செல்கள் அமரும் அடிச்சவ்வின் புரதக் கலவையைச் சேர்த்து மையவிலக்கியில் சுற்றினால் அவையும் இறுகும் என்று ஐவாஸ்குவும் குப்பீஸும் 2006இல் காட்டினார்கள். வேலைக்கு ஆகும் வழிதான். ஆனால் சேர்த்தது என்ன என்பதை மறந்துவிடக் கூடாது: தட்டில் மறுத்த பிடிமானத்தையே மீடியத்தில் கலந்து கொடுத்திருக்கிறோம். எலியின் கட்டியிலிருந்து எடுக்கும் அந்தக் கலவையில் வளர்ச்சிக் காரணிகளும் உண்டு. கலவை இட்ட உருண்டையையும் இடாத உருண்டையையும் ஒரே படத்தில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு உறுத்தும்.

மருந்துச் சோதனையில் உருண்டை காட்டும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியக்கூடியது. டாக்சோரூபிசின், ஒளி பட்டால் தானாகவே ஒளிரும் புற்றுநோய் மருந்து. உருண்டைக்கு அதைக் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து வெட்டிப் பார்த்தால் வெளி அடுக்குகள் மட்டும் சிவப்பு வளையமாக ஒளிரும்; நடுப்பகுதி இருண்டு கிடக்கும். மருந்து செல்களின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு வழியிலேயே தீர்ந்துவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு ‘உருண்டையில் செல்கள் மருந்தை எதிர்க்கின்றன’ என்று எழுதுவதில் ஒரு குழப்பம் இருக்கிறது. மருந்து போய்ச் சேராதது ஒன்று. போய்ச் சேர்ந்தும், பெருகாமல் உறங்கும் செல்லை அது ஒன்றும் செய்யாதது இன்னொன்று. ஆக்சிஜன் குறைவால் செல்லின் வேதியியலே மாறியிருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் சிகிச்சையில் வெவ்வேறு பொருள். அதோடு, உயிரோடு உள்ள செல்களை அளக்கும் சாயமே உருண்டையின் நடுவுக்குப் போகாவிட்டால், அளவீடே பொய் சொல்லும். தட்டையான செல்லுக்கு வடிவமைத்த சாயத்தை அப்படியே உருண்டைக்குப் பயன்படுத்துவது இன்றும் நடக்கிறது.

உருண்டையில் எல்லாம் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. ரத்த நாளம் இல்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை, கட்டியைச் சுற்றியிருக்கும் நாரிழைச் செல்களும் நாமாகச் சேர்த்தால்தான் உண்டு. இன்னொரு தவறான வாசிப்பும் பரவலாக உள்ளது. 1992இல் கால்கரியில் ரெனால்ட்ஸும் வைஸும் எலி மூளையின் செல்களை ஒட்டாத நிலையில் வளர்த்து, நரம்பு மூலச்செல்கள் (வேறு வகைச் செல்களை உண்டாக்கவல்ல ஸ்டெம் செல்கள்) உருண்டையாக வளர்வதைக் காட்டினார்கள். அதிலிருந்து, எத்தனை உருண்டை வந்ததோ அத்தனை மூலச்செல் இருந்தது என்று எண்ணும் பழக்கம் புற்றுநோய் ஆய்வுக்கும் பரவியது. ஆனால் செல்கள் நெருக்கமாக இருந்தால் உருண்டைகள் நகர்ந்து ஒன்றோடொன்று இணைந்துவிடும். ஒரு செல் பெருகியதால் வந்த உருண்டையும், நூறு செல் கூடியதால் வந்த உருண்டையும் பார்வைக்கு ஒன்றேதான்.

இந்த முறையின் மிக வலுவான பயன் என்று நான் நினைப்பது புற்றுநோயில் இல்லை; கல்லீரலில். மனிதக் கல்லீரல் செல்லைத் தட்டையான தட்டில் போட்டால், சில நாளிலேயே அது கல்லீரல் செல்லாக இருப்பதை மறந்துவிடும். மருந்தைச் சிதைக்கும் நொதிகள் குறைந்துபோகும். 1993இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்கு ஃபியாலூரிடின் என்ற மருந்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஏழு பேருக்குக் கல்லீரல் கடுமையாகக் கெட்டது. ஐந்து பேர் இறந்தார்கள், இரண்டு பேர் கல்லீரல் மாற்று அறுவையால் பிழைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவை மெல்ல மெல்லக் கெடுக்கும் நஞ்சு அது. அதற்குமுன் நடந்த விலங்குச் சோதனைகள் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு நாளில் முடிந்துபோகும் தட்டைச் செல் சோதனையிலும் அது அகப்படாது.

2016இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இங்கல்மன்-சுண்ட்பெர்க் குழு, ஒட்டாத குழித்தட்டில் குழிக்கு 1500 மனிதக் கல்லீரல் செல்கள் வீதம் உருண்டை பிடித்து, ஐந்து வாரம் வரை அவை கல்லீரல் செல்லாகவே செயல்படுவதைக் காட்டியது. வாரக்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது ஃபியாலூரிடினின் நஞ்சு வெளிப்பட்டது. இங்கே உருண்டை சின்னதாக இருப்பதையும் கவனிக்க வேண்டும். கல்லீரல் செல் ஆக்சிஜனை விழுங்கும் செல். நடுப்பகுதி சாகாமல் இருக்க விட்டத்தைக் குறைத்தே வைக்க வேண்டும். புற்றுநோய்க்காரர் தேடும் பட்டினிப் பகுதி, கல்லீரல்காரருக்குக் கெட்டுப்போன சோதனை.

ஒட்டாத குழியிலிருந்து கிளம்பிய வேறு பாதைகளும் உண்டு. ஜப்பானில் யோஷிகி சசாய் குழு 2011இல் எலியின் கருமூலச் செல்கள் சுமார் 3000ஐ ஒட்டாத குழியில் திரட்டி, தானாகவே மடிந்து உருவாகும் விழிக்கிண்ணத்தை, அதாவது கருவில் கண்ணின் தொடக்க அமைப்பைப் பெற்றது; உறுப்பைப் போன்ற குட்டி அமைப்புகளை வளர்க்கும் இன்றைய ஆர்கனாய்டு ஆய்வின் ஒரு கிளை அங்கே இருக்கிறது. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்களை உருண்டையாக்கி முழங்கால் பள்ளத்தில் வைக்கும் சிகிச்சைக்கு, ஸ்பெராக்ஸ் என்ற பெயரில், 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி தந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 70 உருண்டைகள் வைப்பார்கள். தட்டில் ஒட்ட மறுக்கப்பட்டவை அங்கே எலும்பின் மேல் சில நிமிடங்களிலேயே ஒட்டிக்கொள்கின்றன. தையலோ பசையோ வேண்டியதில்லை.

சட்டமும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. புது மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்கில் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியது. இந்தியாவும் 2023 மார்ச்சில் தன் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, முப்பரிமாணச் செல் வளர்ப்பு போன்ற விலங்கில்லா முறைகளின் தரவை ஏற்க வழி செய்தது. தரவை ஏற்பதென்றால் ஒரு ஆய்வகத்தின் உருண்டையும் இன்னொன்றின் உருண்டையும் ஒப்பிடத் தகுந்தவையாக இருக்க வேண்டும். அது இன்னும் ஆகவில்லை. உலகின் பல ஆய்வகங்கள் கூடி 2021இல் வெளியிட்ட ‘மிஸ்பீராய்ட்’ என்ற அறிக்கை முறை, வெளியான ஏராளமான சோதனைகளை அலசி, முடிவை மாற்றக்கூடியவை என்று நான்கைக் குறித்தது: செல் வகை, மீடியம், உருண்டை பிடித்த முறை, உருண்டையின் அளவு. இவற்றில் ஏதாவதொன்றைச் சொல்லாமல் விட்ட கட்டுரைகள் நிறைய இருந்தன.

ஆகவே ‘மினி கட்டியில் புது மருந்து வெற்றி’ என்று அடுத்த செய்தி வரும்போது, மூலக் கட்டுரையில் உருண்டையின் படத்துக்குக் கீழே உள்ள அளவுகோலைத் தேடுங்கள். 200 மைக்ரோமீட்டர் என்றால், ஆக்சிஜன் குறைந்த செல்லையும் அந்த மருந்து கொல்லும் என்ற வாதத்துக்கு அங்கே பெரும்பாலும் ஆதாரம் இருக்காது. 800 என்றால், மருந்து கொன்றதாகச் சொல்லும் செல்களில் எத்தனை முன்னமே செத்திருந்தன என்று, மருந்து கொடுக்காத உருண்டையின் வெட்டுப்படத்தைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.